கிச்சாப்பின் எடை

பாஞ்சாலை செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும். நாய்க்கு லைசன் எடுத்தாள், சரி. கவுன்சில் கொடுத்த தகர வில்லையை அதன் கழுத்தில் கட்டினாள், அதுவும் சரி. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்த வில்லையைக் கழற்றிப் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்துவிட்டாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவளைக் கேட்டால் அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டும் பெண்கள் தங்கத் தாலியோடு மலையேற மாட்டார்கள். செடியில் மாட்டி அறுந்தால் அந்தச் சரிவில் யார் தேடுவது? தாலி வீட்டில் இருக்கும், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடக்கும். பாஞ்சாலைக்கு முப்பது வருஷமாக அதுதான் வழக்கம். சோயா சாஸ் மாதிரிக் கறுப்பாக இருந்ததால் கிச்சாப் என்று பேர் வாங்கிய அந்த நாயும் அவளோடுதான் தினமும் மலையேறுகிறது, அதே செடிகளுக்குள் புகுந்து புறப்படுகிறது. ஆகவே அதன் வில்லையும் டின்னுக்குள் போனது, கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு ஏறியது. தாலி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நாயின் லைசன், நாயின் வில்லை எல்லாம் ஒரே டின்னில் கிடந்தன.

"நாய்க்குத் தாலியக் கட்டி, அதையும் கழட்டி வெச்சிட்டியா?" என்று அவள் புருஷன் சாம்பசிவம் அன்றைக்குச் சிரித்தார். தோட்டத்து ஆலையில் இலை காய வைக்கும் வேலை அவருக்கு.

"கவர்மெண்டு குடுத்தது. தொலஞ்சா மறுபடி குடுப்பானா?" என்றாள் பாஞ்சாலை.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வில்லை நாயின் கழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கிச்சாப் வீடு திரும்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தபோதுதான் அடுத்த வீட்டு லோரி டிரைவர் சுகுமாரன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, நேத்து ரிங்லெட் மார்க்கெட்டுல கவுன்சில்காரங்க நாய் புடிச்சாங்க. கறுப்பா ஒன்னு. கழுத்துல செவப்புக் கயிறு. நம்ம கிச்சாப்தான்லா."

"பாத்துட்டுச் சும்மாவா வந்த?"

"லோரியில இருந்தேன்கா. நான் நிப்பாட்டறதுக்குள்ள ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஏழு நாள் வெச்சிருப்பாங்களாம். யாரும் வந்து கேக்கலன்னா ஊசி போட்டுருவாங்களாம்."

பாஞ்சாலை நேரத்தைப் பார்த்தாள். கவுன்சில் ஆபீஸ் மூடியாகிவிட்டது, இனித் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். டின்னைத் திறந்து அந்த வில்லையை எடுத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லாமல் புத்தம் புதுசாக இருந்தது. "பாவி, நானே புடிச்சுக் குடுத்துட்டேனே," என்று வாய்விட்டு அழுதாள்.

சனிக்கிழமை வேலைக்குப் போனது தப்பாகப் போயிற்று. கொழுந்து நிறுக்கும் நேரம் வந்ததும் கங்காணி தர்மா வழக்கம்போல "நிறுவேய்! நிறுவேய்!" என்று மலைக்கே கேட்கக் கத்தினார். மற்ற நாளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குக் கிச்சாப் எங்கே இருந்தாலும் ஓடி வரும். பெண்கள் மூட்டையை இறக்கும் வரை பொறுமையாக நின்று, கடைசி மூட்டை இறங்கியதும் தானே தராசுப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தர்மாவும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பத்தொம்பது கிலோ. ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு!" என்பார். நனைந்த கொழுந்துக்கு எடை கழிக்கிறவர் நனைந்த நாயை மட்டும் விடுவாரா? பெண்கள் சிரிப்பார்கள், ஆளுக்கொரு துண்டு ரொட்டி போடுவார்கள். அந்தச் சனிக்கிழமை கடைசி மூட்டை இறங்கிய பிறகும் தர்மா தராசை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்குக் கிளம்பினார்கள். பாஞ்சாலை வில்லையை மட்டும் எடுத்தாளா என்றால் இல்லை. முழு டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கவுன்சிலின் நாய்க் கொட்டகையில் ரூபினி என்ற சின்னப் பெண் இருந்தாள். கையில் உறை, காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் தூக்கக் கலக்கம். லைசனை வாங்கிப் படித்தாள், வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஏன் ஆன்ட்டி உங்க டின்னுல இருக்கு? நாய் கழுத்துலல்ல இருக்கணும்?"

பாஞ்சாலை தாலிக் கதையை முழுசாகச் சொன்னாள். ரூபினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி ஆன்ட்டி. ஆனா வில்ல இல்லாம சுத்துனா சட்டப்படி அது தெரு நாய்தான்."

"ஆறு வருஷமா சோறு போடறேன். அது தெரு நாயா?"

"சோறு போட்டா மட்டும் சொந்தக்காரின்னு ஆயிடாது. லைசன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க. உங்க பேர்ல இருக்கு, அதுல பிரச்சின இல்ல. ஆனா எந்த நாய்க்கு? இதுல 'ஆண், கறுப்பு'ன்னுதான் போட்டிருக்கு. உள்ள மூனு கறுப்பு இருக்கு ஆன்ட்டி. வரும்போது எல்லாத்தோட கயித்தையும் வெட்டிப் போட்டாச்சு. போன மாசம் ஒருத்தர் தப்பான நாயக் கூட்டிட்டுப் போயி, பின்னாடி வந்த சொந்தக்காரங்க என்னத் திட்டித் தீத்துட்டாங்க. படம் இருக்கா?"

படம் இருந்தது. கைப்பேசியில் பதினெட்டுப் படம். கேமராவைக் கண்டாலே கிச்சாப் முதுகைக் காட்டிக்கொள்ளும். பதினெட்டிலும் பனிமூட்டத்துக்குள் ஒரு கறுப்பு முதுகுதான் தெரிந்தது. ரூபினி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே போனார்கள். முதல் கூண்டிலும் இரண்டாவது கூண்டிலும் இருந்த கறுப்பு நாய்கள் கம்பியில் ஏறி வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டின. யார் கூப்பிட்டாலும் போகத் தயாராக இருந்தன. மூன்றாவது கூண்டில் ஒன்று சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தது.

"அதோ! அதுதான்!" என்றாள் பாஞ்சாலை. "கிச்சாப்! டேய் கிச்சாப்!"

மற்ற இரண்டும் குரைத்துத் தீர்த்தன. படுத்திருந்தது அசையவில்லை. அந்தக் குரைப்பில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அது திரும்பிக்கூடப் பாக்கலியே ஆன்ட்டி," என்றாள் ரூபினி. குரலில் இரக்கம் இருந்தது, ஆனால் சந்தேகமும் இருந்தது.

பாஞ்சாலை கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கோபமாக இருக்குமோ? தன்னை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டதோ? சாம்பசிவம் விசிலடித்துப் பார்த்தார், கம்பியைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் பலனில்லை. இப்படியே திரும்பிப் போகவா இத்தனை தூரம் வந்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. டின்னைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் வாயோரம் குவித்து, தர்மா கங்காணி கத்துவதைப் போலவே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நிறுவேய்! நிறுவேய்!"

குரைத்துக்கொண்டிருந்த நாய்களே ஒரு நொடி வாயை மூடின. மூன்றாவது கூண்டில் ஒரு காது நிமிர்ந்தது. பிறகு மறு காது. எழுந்து நின்று, உடம்பை ஒரு உதறு உதறியது.

"தெறங்கம்மா, கதவத் தெறங்க," என்றார் சாம்பசிவம்.

ரூபினி திறந்தாள். வெளியே வந்த நாய் பாஞ்சாலையிடம் வரவில்லை. அங்கும் இங்கும் பார்த்தது. வாசலோரம் நாய்களை நிறுக்க ஒரு தராசு தரையில் கிடந்தது. நேராகப் போய் அதில் ஏறி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்தது. நான் வந்துவிட்டேன், ரொட்டி எங்கே என்று கேட்கிற பார்வை.

"அடக் கடவுளே!" என்று ரூபினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாஞ்சாலையின் கண் நாயின் மேல் இல்லை, தராசின் எண்ணில் இருந்தது. "பதினேழா? பத்தொம்பது இருந்தான் எம் புள்ள! நாலு நாள்ல ரெண்டு கிலோவா? சோறு போட்டீங்களா இல்லியா?"

"போட்டோம் ஆன்ட்டி, சத்தியமா. தட்ட மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். ஒரு வாய் தொடல."

பாஞ்சாலையின் கோபம் அத்தோடு போயிற்று. ஈரத் தரை என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிச்சாப் அவள் மஞ்சள் கயிற்றை மோந்தது, முகத்தை நக்கியது, பிறகு உடம்பெல்லாம் நடுங்க முனகியது.

ரூபினி படிவத்தை நீட்டினாள். "இங்க கையெழுத்துப் போடுங்க ஆன்ட்டி. சொந்தக்காரர்னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ."

பாஞ்சாலை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி முழுப் பேரையும் எழுதினாள். அதற்குள் சாம்பசிவம் ரூபினியிடம் ஒரு புதுக் கழுத்துப் பட்டையை வாங்கி, தன் மோட்டார்ச் சாவியிலிருந்து வளையத்தைக் கழற்றி, வில்லையை அதில் கோத்துக் கிச்சாப்பின் கழுத்தில் மாட்டினார்.

"செடியில மாட்டித் தொலஞ்சா?" என்றாள் பாஞ்சாலை பழக்கதோஷத்தில்.

"தொலஞ்சா தொலஞ்சுட்டுப் போவுது. ஒன்னு போனா வேற ஒன்னு வாங்கிக்கலாம்."

பாஞ்சாலை டின்னை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வழியில் ரொட்டி வாங்கி, கிச்சாப் முழுப் பாக்கெட்டையும் தின்று முடிக்கும் வரை மோட்டாரை எடுக்க விடவில்லை.

மறுநாள் மலையில் காலையிலிருந்தே தூறல். "நிறுவேய்!" என்று தர்மா கத்தியதும் வில்லை கிணுகிணுக்க ஒரு கறுப்பு உருவம் செடிகளைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. கடைசி மூட்டை இறங்கியது. சொட்டச் சொட்ட நனைந்த கிச்சாப் பலகையில் ஏறி உட்கார்ந்தது. தர்மா எண்ணைப் பார்த்தார், பாஞ்சாலையைப் பார்த்தார்.

"பதினேழே முக்கால்," என்றார். "இன்னிக்குக் கழிவு கெடயாது."