பூவரசிலை பாண்டு செட்டு

தங்கச்சிக்கு மணப்பாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்த அன்று பிலோமி வாய் சும்மா இருக்காமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"பாண்டு செட்டு வச்சு உங்களக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம், அண்ணாச்சி. தூத்துக்குடியே திரும்பிப் பாக்கும்."

அதைக் கேட்டுக்கொண்டவர் மாப்பிள்ளை இனிகோவின் தாய்மாமன் பெர்க்மான்ஸ். கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். கடற்காற்றே தன் சொல்லைக் கேட்டுத்தான் வீசுகிறது என்று நம்புகிறவர்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டு பஸ் கோயில் தெரு முனையில் வந்து நின்றது. பாண்டு செட்டைத்தான் காணோம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வாசிக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.

"அவனுவ குலசேகரன்பட்டினத்துலருந்து வரணும். நாங்க அதத் தாண்டி மணப்பாட்டுலருந்து வந்துட்டோம். அவனுவளுக்கு என்ன கேடு?" என்று பெர்க்மான்ஸ் பஸ் ஜன்னல் வழியாகக் கேட்டார். "மேளச் சத்தம் கேக்காம ஒருத்தரும் எறங்க மாட்டோம்."

பஸ்ஸுக்குள் வெக்கை. மாப்பிள்ளையின் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோயிலில் சாமியார் இரண்டாவது மணியும் அடிக்கச் சொல்லிவிட்டார். பிலோமிக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தங்கள் வீட்டுக் கிணற்றடிப் பூவரசு தெரிந்தது. மஞ்சள் பூவும் பச்சை இலையுமாக, கோடையிலும் வாடாத மரம். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதித் தெருவையே எழுப்பியவள் அவள்.

ஓடிப்போய் ஒரு கொப்பை வளைத்து மடி நிறைய இலை பறித்தாள். முதல் பீப்பீயைப் புருஷன் ஜேசுபாதத்தின் கையில் திணித்தாள்.

"கோட்டுப் போட்டுக்கிட்டு இத ஊதச் சொல்லுதியா?"

"கோட்டக் கழட்டிட்டு ஊதுங்க."

துறைமுகத்தில் கப்பல் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி வேலை பார்ப்பவன் ஜேசுபாதம். அவன் மூச்சு சேர்ந்ததும் பீப்பீ, கயிற்றில் மாட்டிக்கொண்ட ஆட்டைப்போலக் கதறியது. அண்ணன் தம்பிமார், பந்தலில் சோறு வடித்துக்கொண்டிருந்த சமையல்காரர், எல்லாரும் ஆளுக்கொரு இலையைச் சுருட்டினார்கள். ஒருவன் அண்டாவைக் கவிழ்த்துத் தட்டினான். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு தாளம். தெரு நாய்கள் ஒன்றுவிடாமல் உப்பளப் பக்கம் ஓடின.

பஸ்ஸுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. பெர்க்மான்ஸின் முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் படியில் தடதடவென்று இறங்கினார். பிலோமி பயந்து பின்வாங்கினாள்.

"ஏளா, எல சுருட்டுத லெச்சணமா இது? முத்தின எலயப் பறிச்சா எப்பிடிச் சத்தம் வரும்? கொழுந்து கொண்டா!"

கொழுந்து வந்தது. நரம்பைக் கிள்ளி, இறுக்கமாகச் சுருட்டி, நுனியைப் பல்லால் அமுக்கி ஊதினார். மாதா பாட்டு ஒன்று அச்சாக வெளியே வந்தது. ஜேசுபாதம் அந்த இடத்திலேயே அவருக்குச் சிஷ்யனானான். மாமனே இறங்கியாயிற்று, பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கினார்கள். இனிகோ சிரித்த சிரிப்பில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது.

ஊர்வலம் பாதித் தெரு போகும்போது பாண்டு செட்டு லாரியில் வந்து குதித்தது. பெர்க்மான்ஸ் வாயிலிருந்து இலையை எடுக்காமலே கையைக் காட்டினார்.

"பின்னால வாங்கடே. எங்க பாட்டு முடியட்டும்."

சாயங்காலம் பஸ் கிளம்பும்போது அதன் மேலே, ஊரில் நட்டு வளர்க்கப் பூவரசம்போத்து ஒன்று கட்டிக்கிடந்தது. பெர்க்மான்ஸே அரிவாளை இரவல் வாங்கி வெட்டிக்கொண்டது.

"மணப்பாட்டுல பூவரசு இல்லையா அண்ணாச்சி?" என்று பிலோமி கேட்டாள்.

"இருக்கு, இருக்கு," என்றார் பெர்க்மான்ஸ், பச்சைக் கறை படிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு. "சுருதிதான் சேரல."