மாமியார் ஊத்தின எண்ணெய்

என் மோட்டார் சைக்கிள் பிரேக்கை மிதிச்சா தெருவே திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு கிறீச்! நாளைக்குப் பார்சல் ஆபீஸ்ல எனக்கு முதல் நாள். சொந்த வண்டி இருந்தாத்தான் வேலைன்னு கறாராச் சொல்லிட்டாங்க. என் வீட்டுக்காரருக்கோ மூணு நாளா ஒரே பாட்டு: "பொம்பளைக்கு எதுக்கு வண்டி? வித்துத் தொலை."

இன்னைக்கு மத்தியானம் எங்க தெருச் சரிவுல இறங்கினேன். பின் பிரேக்கை மிதிச்சா சத்தமே இல்ல. அடடான்னு பார்த்தா வண்டியும் நிக்கல! முன் பிரேக்கை இறுக்கியும் எங்க மதில்ல இடிச்சுத்தான் நின்னேன். முழங்கை தோல் போச்சு. இவருக்கு வாயெல்லாம் பல்லு. "அஞ்சு மணிக்கு வண்டியை வாங்க ஆள் வர்றார். சாவியைக் கொடு."

"செத்தாலும் மாட்டேன்"னு வாசல்லயே உக்காந்து பின் சக்கரத்தைக் கழட்டினேன். பிரேக் டிரம்முக்குள்ள வழவழன்னு எண்ணெய். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவரை முறைச்சேன்.

"அவன் இல்லம்மா, நான்தான்"ன்னாங்க கதவோரம் நின்ன மாமியார். "கதவு கத்தினா தையல் மெஷின் எண்ணெய்தானே ஊத்துறேன்? நாளைக்கு உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதேன்னு அந்தச் சக்கர இடுக்குல ஊத்தினேன்."

"அத்தை! பிரேக் உரசினாத்தான் வண்டி நிக்கும்!" கத்திட்டேன். அவங்க முகம் சுண்டிப் போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு.

டிரம்மை உள்ளே உரசி வண்டியை நிறுத்துறது பிரேக் ஷூ; எண்ணெய் குடிச்சது இனி உருப்படாது. தெருமுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புது ஜோடி வாங்கினேன். டிரம்ல அடையா இருந்த கறுப்புத் தூசிதான் அத்தனை நாள் பிரேக்கைக் கத்த வச்சது. பெட்ரோல்ல நனைச்ச துணியால எல்லாத்தையும் துடைச்சு எடுத்தேன். புது ஷூ ஓரத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு மாட்டினேன்.

"ஆழம் தெரியாம காலை விடாதே"ன்னார் இவர்.

"விட்டாச்சு. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

அஞ்சு மணிக்கு வாங்குறவர் வந்தார். "இவ கை வச்ச வண்டி, எதுக்கும் மெக்கானிக்கிட்ட காட்டிக்கோங்க"ன்னு இவர் இளிச்சார்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிட்டு என் பின்னால ஏறி உக்காந்தாங்க. அறுபது வயசுல முதல் தடவை! என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. மேட்டுக்குப் போய்த் திரும்பினோம். கீழே வாசலை மறிச்சு இவர் நின்னார்.

"மெதுவா போகட்டுமா அத்தை?"

"வேகமா விடு."

விட்டேன். மிதிச்சேன். கிறீச் இல்ல. இவருக்கு நாலு முழம் முன்னாலயே வண்டி கம்முனு நின்னுச்சு. இவர்தான் எகிறி மதில்ல ஒட்டிக்கிட்டார். வாங்க வந்தவர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார்.

"சாவி..."ன்னு இவர் கை நீட்டினார்.

அத்தை இறங்கவே இல்ல. "நாளைக்கு அவளுக்கு வேலை இருக்கு. வழியை விடுடா."