எதிர்க்காற்றில் பேசியது

கடற்கரையில் தினமும் நடப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். எனக்கும் என் தங்கைக்கும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். காற்று முகத்தில் அடித்தால் நாம் பேசுவதெல்லாம் பின்னால் போய்விடும், முன்னால் நடக்கிறவர் காதில் விழாது. காற்று முதுகில் இருந்தால் நாற்பதடி தள்ளிப் போகிறவருக்கும் வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேரும். எங்கள் கரையில் வருஷத்தில் முக்கால்வாசி தெற்குக் காற்று. ஆகவே தெற்கே போகும்போது ஊர்வம்பு, வடக்கே திரும்பும்போது முட்டிவலி, மருந்து, மாத்திரை. இப்படி ஒரு சட்டம் வைத்திருந்தோம். என்ன சாமர்த்தியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

முன்னால் நடக்கிறவர் எப்போதும் டிரைவர்தான். எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் கீழ்வீடு. முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்தே பழகிவிட்டதாலோ என்னவோ, நடக்கும்போது கழுத்தைத் திருப்பவே மாட்டார். அக்காவும் தங்கையும் மனம்விட்டுப் பேசட்டும் என்று வேண்டுமென்றே முன்னால் போவார். அலைதடுப்புப் பாறைகள் வரும் இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஃபிளாஸ்கைத் திறந்து மூன்று கப்பில் டீ ஊற்றி வைத்திருப்பார். எனக்குச் சர்க்கரை கம்மி, தங்கைக்கு ஒரு கரண்டி கூட. ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே சாப்பிட்டேன். வேலை முடிந்த பிறகும் அந்தப் புத்தி முடியவில்லை. கண் பார்த்த வேலையைக் காதும் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் காதுக்கு நேர் கீழேதான் டிரைவர் வயலின் கற்க ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற அடுத்த வாரமே வாங்கி வந்துவிட்டார். மாலை ஐந்தரை ஆனால் ஆரம்பம். ஒரே மெட்டு, குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, மொத்தமே நாலு வரி. மூன்றாவது வரியில் ஓர் இடம் உண்டு. அங்கே வந்ததும் சுருதி சறுக்கும். நிறுத்துவார். மறுபடி முதலிலிருந்து. மேலே பால்கனியில் என் பதினேழு தொட்டிகளுக்கும் தண்ணீர் ஊற்றுகிற நேரமும் அதுதான். அந்த இடம் வரப்போகிறது, வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வரும். சறுக்கும். சிவப்பு மை இருந்தால் ஒரு வட்டம் போட்டிருப்பேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். என் தொட்டிகளிலிருந்து வழியும் தண்ணீர் அவருடைய தோட்டத்தில்தான் சொட்டும். சாயங்காலம் காற்றாட உட்கார அவர் நாற்காலி போட்டிருந்த இடமே அதுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்தால் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் நீளமாகப் பாத்தி கட்டிப் புதினா போட்டிருந்தார்.

"உங்க தண்ணி வீணாப் போகக் கூடாதுல்லக்கா," என்று கீழேயிருந்து சிரித்தார். வாரத்துக்கு ஒரு கட்டுப் புதினா என் கதவுப் பிடியில் தொங்கும்.

அவர் மனைவி அவரை விட்டுப் போய்ப் பதிமூன்று வருஷம். ஊரில் யாருக்கும் அதன் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் அவரே சொன்னார். என் ரோஜாவைப் பெரிய தொட்டிக்கு மாற்ற உதவ வந்தவர், கையெல்லாம் மண்ணோடு, வேரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டிய நிறுத்திட்டு வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்கவே தெம்பு இருக்காதுக்கா. நாள் முழுக்க ஜனங்க சத்தம், ஹாரன் சத்தம். அவ சுவரோடதான் பேசிட்டு இருந்தா. ஒரு நாள் சுவரோட பேசறதையும் நிறுத்திட்டா. அப்புறம் போயிட்டா." வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு, "அதான் இது. பேச வராதவனுக்கு இதாவது வருதான்னு பாக்கறேன்," என்று வயலின் பிடிப்பதுபோல் கையைத் தோளில் வைத்துக் காட்டினார்.

அப்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. மூன்று வாரம் கழித்து நான் செய்ததும் உண்மை.

அன்று காலை தங்கை முகம் வாடியிருந்தது. மகளோடு ஏதோ சண்டை. அவளைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். தெற்கே பாறையை நோக்கி நடந்துகொண்டே, இல்லாத வயலினைப் பிடித்தேன். கன்னத்தைத் தோளில் சாய்த்து, கண்ணைச் சொருகி, மூக்கால் அந்த மெட்டை இழுத்தேன். மூன்றாவது வரியில் கதவில் வால் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி கத்தினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஒருத்தி சிரிக்கச் சிரிக்க எனக்கு வாய் நிற்காது.

"முப்பத்தொரு வருஷம் ஹாரன் அடிச்ச கை. அதுல வேற என்ன வரும்?"

"அக்கா, போதும். வயிறு வலிக்குது."

"இரு, இன்னும் இருக்கு. பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு எல்லாரும் கேட்டாங்களே. பாவம், அவளுக்குக் காது கூர்மை. இந்தக் கச்சேரி வரப்போறது பதிமூணு வருஷம் முன்னாடியே அவளுக்குக் கேட்டுடுச்சு."

தங்கை மணலில் உட்கார்ந்தே விட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொன்னது நன்றாக அமைந்துவிட்டது என்று உள்ளூர ஒரு திருப்தி. அதையும் மறைப்பதற்கில்லை. இத்தனை நேரமும் என் முடி முன்னால் பறந்து வாயில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு முறை ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கிவிட்டு மேலே பேசினேன். இருபத்தெட்டு வருஷம் ஒரு புள்ளியைத் தவறவிடாதவளுக்கு, சொந்த முடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரியவில்லை.

முன்னால் டிரைவர் நின்றார். ஷூ நாடாவைக் கட்டுகிறவர் போலக் குனிந்தார். கட்ட வேண்டியதைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். பிறகு எழுந்து நடந்தார்.

பெஞ்சில் மூன்று கப்பும் தயாராக இருந்தன. எனக்குச் சர்க்கரை கம்மி, தங்கைக்கு ஒரு கரண்டி கூட.

"சூடா இருக்கு. பாத்துப் பிடிங்க, மேடம்," என்றார்.

நான் கப்பை வாங்கினேன். இவ்வளவு நாளாக அக்கா. ஏதோ ஞாபகத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். டீயைக் குடித்து முடித்து, வீட்டுப் பக்கம் திரும்பி ஓர் அடி வைத்ததும் காற்று பளீரென்று முகத்தில் அறைந்தது. வடக்குக் காற்று. முடி பின்னால் பறந்தது. காலையிலிருந்தே அது வடக்குக் காற்று.

தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், முகத்தில் ஈயாடவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் முட்டிவலி பற்றிக்கூட நாங்கள் பேசவில்லை. முன்னால் அவர் முதுகு எப்போதும்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்குத் தண்ணீர்க் குவளையோடு நின்றேன். சத்தமில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் இல்லை. நான் எத்தனை முறை வேண்டிக்கொண்ட அமைதி அது! அதைக் கேட்க முடியாமல் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நடக்க வருவதை அவர் நிறுத்தவில்லை. டீயும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கதவுப் பிடியில் புதினா தொங்கியது. அதைப் பார்த்து அழுகை வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். எனக்குச் சண்டை போடத் தெரியும். இது தெரியாது.

தங்கை சொன்னாள், "நேரா போய் மன்னிப்பு கேட்டுடுக்கா."

"அவருக்குக் கேட்டிருக்கலேன்னா? நாமளே போய் வாயக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"கேக்கலேன்னா எதுக்கு மேடம்ங்கறாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது.

பத்தாவது நாள் கீழே போனேன். பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அறியாதவள்போல, "என்ன டிரைவர் சார், வயலின் சத்தமே காணோம்?" என்று கேட்டேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் நிமிரவில்லை. "தந்தி அறுந்துபோச்சு மேடம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. தந்திதான்! என் வாய் இல்லை, தந்தி! நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்புவதற்கு ஓடினேன். அன்றே இரண்டு பஸ் மாறி இசைக்கருவிக் கடைக்குப் போனேன். எந்தத் தந்தி என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது. நாலையும் கொடுங்கள் என்றேன். தந்தியோடு தந்தியாக என் பாவமும் தீர்ந்துவிடும் என்று நினைப்பு.

சாயங்காலம் அவர் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்துக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டில், ஒரு மேஜை, தோட்டத்தைப் பார்த்து மூன்று ஜன்னல்கள், மூன்றும் திறந்திருந்தன. மேஜைமேல் வயலின் பெட்டி மூடியில்லாமல் கிடந்தது. நான் பொட்டலத்தை நீட்டும்போதே பார்த்துவிட்டேன். வயலினில் நாலு தந்தியும் இருந்தன. நாலும் இறுக்கமாக, பளபளவென்று.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பொட்டலம் என் கையிலேயே நின்றது. அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருக்கிறார். நான் அந்தப் பொய்யைப் பொட்டலம் கட்டி அவருக்கே கொண்டுவந்திருக்கிறேன்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றேன். "அன்னிக்குக் கடற்கரையில... நான் பேசினது... மன்னிச்சிடுங்க. காத்து மாறினத கவனிக்கல."

அவர் பொட்டலத்தை வாங்கி மேஜைமேல் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாமல், வழி கேட்கிற பயணி மாதிரி கேட்டார்.

"காத்து மாறாம இருந்திருந்தா, மேடம்?"

காற்று மாறாத நாட்கள் ஒன்றா இரண்டா? பூனையை அதற்கு முன்னாலும் எத்தனையோ முறை கத்த வைத்திருக்கிறேன். எல்லாம் தெற்குக் காற்றில் பத்திரமாகப் பின்னால் போய்விட்டன. அந்தக் காலை மட்டும்தான் தப்பு என்று மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். அதுவும் பேசியதற்கு இல்லை, காதில் விழுந்ததற்கு.

"அப்பவும் பேசியிருப்பேன்," என்றேன். அன்று நான் சொன்ன ஒரே யோக்கியமான வார்த்தை அதுதான்.

அவர் தலையை ஆட்டினார். "வாசிப்ப சொன்னதுக்கு ஒண்ணும் இல்ல. அது எனக்கே கேக்குது. அந்த மூணாவது வரி சனியன்தான்." லேசாகச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இன்னொண்ணு சொன்னீங்கல்ல. அத நான் உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன்."

கூனிக் குறுகி நின்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். படியில் விளக்கு இல்லை, பார்த்துப் போங்கள் என்றார்.

நாலு நாள் கழித்து வயலின் மறுபடி ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு சத்தம் கேட்டது. டக். டக். டக். மூன்று ஜன்னல்களையும் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம். அதன் பிறகுதான் அந்த மெட்டு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. வெயில் காலத்தில்கூட அப்படித்தான். அந்தப் புழுக்கத்தில் மூன்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டு வாசிக்கிறார். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் டீ கொடுக்கிறார், சர்க்கரை சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை புதினா தொங்குகிறது. மேடம் என்றே கூப்பிடுகிறார். தங்கையும் நானும் இப்போது தெற்கே போனாலும் வடக்கே போனாலும் மருந்து மாத்திரைதான் பேசுகிறோம்.

ஐந்தரை மணிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கம்பியில் சாய்ந்து காதைக் கொடுத்து நிற்கிறேன். மூன்றாவது வரி வருகிறது. இப்போதெல்லாம் அவர் அங்கே நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார் என்று நினைக்கிறேன். மூடிய ஜன்னலுக்கு வெளியே நின்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.