பன்னிரண்டு மில்லிமீட்டர்

கல்லூரிப் பெண் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை அவள் பவர் பார்க்கும் கருவியில் பொருத்தி, உருளையை மெல்லத் திருப்பினாள். பச்சைக் கோடுகள் கலைந்து, நெருங்கி, ஓரிடத்தில் கூர்மையாக நின்றன. மைனஸ் எட்டு. இன்னொரு பக்கக் கண்ணாடிக்கும் அதேதான். மேசைமேல் இருந்த டாக்டர் சீட்டில் மைனஸ் ஏழே கால் என்று எழுதியிருந்தது.

"பவர் குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்லையேக்கா. அதே பவர்தான், ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லன்னாரு. லென்ஸ் மட்டும் உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாரு."

கடையில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களை உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச்சொல்லி, எழுத்து வாசிக்கவைக்கிற வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். மூக்குக்கண்ணாடிப் பவரைக் காண்டாக்ட் லென்ஸ் பவராக மாற்றும் அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தாலும் அவள் அந்தப் பக்கம் திரும்பியே பல வருடமாகிறது. கண்ணாடி கருவிழியிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழிமேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளி இல்லாமல் போவதால் மைனஸைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். நாலுக்குள் என்றால் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. எட்டு என்றால் முக்கால் போகும். பன்னிரண்டு என்றால் ஒன்றரை போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

எட்டில் முக்கால் போனால் ஏழே கால்.

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஊதா மையில் சின்னதாக ஒரு முத்திரை: 'லென்ஸ் பவர்'. மை சரியாக ஒட்டாமல் பாதி எழுத்துதான் விழுந்திருந்தது. இத்தனை வருடமும் அந்த டாக்டரிடமிருந்து கண்ணாடிப் பவர்தான் வரும். கழித்துக்கொள்வது அவள் வேலை. அவள் டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்.

"ஆமாங்க, இந்தத் திங்கக்கிழமையிலிருந்து நாங்களே கழிச்சுதான் எழுதுறோம். கடைக்காரங்களுக்கு எதுக்குச் சிரமம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பின்னாடி முத்திரை குத்தியிருக்கோமே, பாக்கலையா?"

அவள் போனை வைத்துவிட்டு இந்த வாரச் சீட்டுக்கட்டை எடுத்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு லென்ஸுக்காக வந்த சீட்டு ஒன்றே ஒன்று. கிரேன்காரருடையது. முன்பக்கத்தில் மைனஸ் பத்தரை. அதன்மேல் அவளே வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஒன்பதே கால்' என்று எழுதியிருந்தாள். பின்பக்கத்தைத் திருப்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் திருப்பினாள். ஊதா மை.

கழித்ததிலிருந்து மறுபடி கழித்திருக்கிறாள். அவருக்கு ஒன்றே கால் குறைகிறது.

நேற்று மாலை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று நாளுக்கு முன் கிரேன் கூண்டிலிருந்து குனிந்து பார்த்தபோது கண்ணாடி நழுவி, நாற்பது மீட்டர் கீழே விழுந்து தூளாகிவிட்டதாம். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. "கண்ணாடியே வேணாம்மா. எது விழாதோ அதைக் குடு" என்றார். கண்ணாடி கையில் இல்லாததால் அவளுக்குக் கருவியில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. லென்ஸைப் போட்டுவிட்டு எழுத்து வாசிக்கச் சொன்னாள். கடகடவென்று கடைசி வரிவரை வாசித்தார். அவ்வளவு பவர் உள்ளவர்கள் கடைசி வரியில் கொஞ்சமாவது தயங்குவார்கள். அவர் தயங்கவில்லை. நாலாவது எழுத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். ஒரு எழுத்துதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் நேற்று நடந்தது முழுதாக நினைவுக்கு வந்தது. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மருந்துக்கடைக்காரர். வலது கண், இடது கண், இரண்டும் சேர்த்து என்று மூன்று தடவை அதே வரியைச் சத்தமாக வாசித்தார். மூன்று தடவையும் நாலாவது எழுத்தை விட்டார். கிரேன்காரர் அப்போது சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தாளை மடித்தார்.

"ஒன்னே கால்தானே? ஆளு குருடாயிடல. நாளைக்குக் கூப்பிட்டு, இதைவிட நல்ல கம்பெனி லென்ஸ் வந்திருக்குன்னு சொல்லி மாத்திக் குடுத்துடுங்க டீச்சர். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுடும்."

"இன்னிக்கு வேலைக்குப் போயிருப்பாரு சார். பெரிய மெஷின் ஒன்ன மாடிக்குத் தூக்கணும்னு நேத்தே சொன்னாரு."

"அவரு பொய்யா வாசிச்சாரு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சீட்டத் திருப்பிப் பாத்திருக்கலாம்."

முதலாளி தாளை மறுபடி விரித்தார். ஆனால் படிக்கவில்லை.

அவள் கிரேன்காரரின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது மனைவி. "கூண்டுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதும்மா. வீட்லயே வச்சுட்டுப் போயிடுவாரு. என்ன விஷயம்?"

"காலைல எப்படி இருந்துச்சு அவருக்கு? தெரியுதுன்னாரா?"

"நல்லாத் தெரியுதுன்னாரே. என் முகத்தப் பாத்து, 'உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு'ன்னு கேட்டாரு. கிண்டலப் பாருங்க."

"எவ்வளவு தூரத்துல நின்னு பாத்தாரு?"

எதிர்முனையில் சிரிப்பு நின்றுபோயிற்று. "பக்கத்துலதாம்மா. டம்ளர வாங்கும்போது. ஏன் கேக்குறீங்க?"

"ஒன்னுமில்லக்கா. லென்ஸ் ஒன்னு மாத்தணும். நானே போய்க் குடுத்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கை நீளத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு அடிக்கும் ஓரங்கள் கரைந்துகொண்டே போகும். மூன்று நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்தவருக்கு இதுவே பெரிய வெளிச்சமாகத் தெரிந்திருக்கும்.

அலமாரியில் பத்தரை பவர் லென்ஸ் இரண்டு இருந்தன. கைப்பையில் போட்டுக்கொண்டாள். கல்லூரிப் பெண்ணிடம் ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, கடைக்கு எதிரே, கட்டடங்களின் தலைக்குமேல் அவர் ஓட்டும் கிரேனின் மஞ்சள் கை தெரிந்தது. தினமும் கண்ணில் படுகிறதுதான்; இன்றைக்குத்தான் அது நகர்வதைப் பார்த்தாள். மெதுவாக, மணி முள் மாதிரி, வங்கியின் கூரைக்குப் பின்னாலிருந்து இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய கம்பியின் நுனி கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதில் ஏதாவது தொங்குகிறதா என்று தெரியவில்லை.

வண்டி பிடிக்கிற தூரம் இல்லை. நடந்தாள். பிறகு ஓடினாள். தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் கை மறைந்து மறுபடி தெரிந்தது. இரண்டாவது திருப்பத்தில் அது நின்றிருந்தது. மூன்றாவது திருப்பத்தில் கம்பி மேலேறிக்கொண்டிருந்தது.

கட்டட வேலை நடக்கும் இடத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "யாரப் பாக்கணும்?"

"கிரேன் ஓட்டறவர."

"அவர நானே மாசத்துக்கு ஒருதரம்தான் பாக்குறேன். விடியுமுன்ன ஏறிடுவாரு, பொழுது சாயத்தான் இறங்குவாரு. சொந்தமா?"

"அவர் கண்ணு விஷயம். ரொம்ப அவசரம்."

அவள் முகத்தில் என்ன கண்டாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை. கொக்கியிலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்து அவள் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது. "நேரா போனா சிவப்பு நாடா கட்டியிருக்கும். அத மட்டும் தாண்டாதீங்க. கிரேனுக்குக் கை காட்டற சைகைக்காரர்னு ஒருத்தர் நிப்பாரு, அவரக் கேளுங்க."

சைகைக்காரர் நாடாவுக்கு உள்பக்கம் அண்ணாந்து நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் வாக்கிடாக்கி. ஒன்பது மாடி உயரத்துக்குமேல், சாம்பல் நிறப் பெட்டி மாதிரி ஓர் இயந்திரம் நாலு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு லேசாகச் சுழன்றது. அது போய் உட்காரவேண்டிய மொட்டைமாடி விளிம்பில் மஞ்சள் சட்டைகள் தெரிந்தன.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். தான் யார், நேற்று என்ன கொடுத்தாள், எவ்வளவு குறைகிறது. அவர் கண்ணை மேலே இருந்து எடுக்காமல் கேட்டார்.

"கழுகுக்காம்மா தெரியாதுங்கிறே? இங்க அவருக்குப் பேரே அதுதான். நான் பீடி பத்தவச்சா மேலேருந்து திட்டுவாரு."

"கண்ணாடி இருந்தவரைக்கும் சரிண்ணே. இன்னிக்கு உங்கள எதுக்காவது திட்டினாரா?"

அவர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். காதோரத்தில் செருகியிருந்த பீடியைத் தொட்டுக்கொண்டார். "காலையிலருந்து ஒரு வார்த்தை இல்ல. கோவமா இருக்காருன்னு நினைச்சேன். எதக் காட்டுனாலும் 'வாயால சொல்லு, வாயால சொல்லு'ங்கிறாரு."

"மாடியில இருக்கறவங்ககிட்ட இது இருக்கா?" வாக்கிடாக்கியைக் காட்டினாள்.

"இல்ல. அங்க கைதான். அவங்க கையக் காட்டுவாங்க, இவரு பாத்து இறக்குவாரு. எப்பவும் அப்படித்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். பெட்டி மாடியின் மட்டத்தைத் தாண்டி, விளிம்பை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. மஞ்சள் சட்டை ஒன்று முன்னால் வந்து வலது கையை உயர்த்தியது.

"என்னைப் பேச விடுங்கண்ணே."

"இதுல பேசினா அவருக்கு மட்டும் கேக்காது. இஞ்சினியர் கையிலயும் இதேதான் இருக்கு. அவரு கேட்டார்னா கழுகு இன்னிக்கே வெளியே. மறுபடி கண்ணு டெஸ்ட், மறுபடி சர்டிபிகேட். நீ இருக்கிற கடையையும் விடமாட்டாங்க." அவர் மறுபடி மேலே பார்த்தார். "நிறுத்துன்னு நான் சொல்லிடறேன். காரணம் சொல்ல வேணாம். காத்து அதிகம்னு சொல்லிக்கலாம்."

அவள் ஒரு கணம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். காற்று அதிகம். யாருக்கும் சேதமில்லை. சாயங்காலம் அவர் இறங்கியதும் வாசலில் நின்று பத்தரையைக் கையில் கொடுத்துவிடலாம்.

"நின்னா போதுமா? அப்புறம் அத இறக்கறதுக்கும் அவருக்குக் கண்ணு வேணுமே."

சைகைக்காரர் வாக்கிடாக்கியைக் கழற்றி முதலில் தன் வாயருகே வைத்தார். "கழுகு, நில்லு. அப்படியே நில்லு." கம்பி நின்றது. பெட்டி மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. பிறகு பொத்தானை அமுக்கியபடியே அவளிடம் நீட்டினார்.

"அண்ணே, நான் லென்ஸ் கடை டீச்சர். கீழ நிக்கிறேன்." முகத்தைக் கருவியருகே கொண்டுபோனாள். "நேத்து உங்களுக்குத் தப்பான பவர் குடுத்துட்டேன். டாக்டர் கழிச்சுக் குடுத்தத நான் மறுபடி கழிச்சுட்டேன். தப்பு என்னோடது." சைகைக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

கரகரப்பு. பிறகு கிரேன்காரரின் குரல், மிக அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல்:

"எவ்வளவும்மா குறையுது?"

"ஒன்னே கால்."

"அதான். நானா நினைச்சேன், புதுசுல்ல, பழகப் பழகச் சரியாயிடும்னு. மூணு நாள் வீட்ல உக்காந்தா எதையும் சரின்னு சொல்லத் தோணுது."

"மாடியில யார் நிக்கிறாங்க, தெரியுதா அண்ணே?"

"ஆள் நிக்கிறது தெரியுது." மறுபடி கரகரப்பு. "எத்தனை பேருன்னு தெரியல."

சைகைக்காரர் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல், "நாலு பேரு" என்றார்.

அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. இஞ்சினியரின் இளைய குரல், அதட்டிப் பழகியது. "யாரது லைன்ல? யார் பேசறது?"

சைகைக்காரர் அவளைப் பார்த்தார். அவர் விரல் அணைக்கும் திருகின்மேல் இருந்தது. அணைக்கவா என்பதுபோல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அவள் தலையசைத்து மறுத்தாள்; அவர் பொத்தானை அமுக்கினார்.

"லென்ஸ் குடுத்தவ பேசறேன் சார். பவர் தப்பு. அவர மெஷின மாடியில இறக்க விடாதீங்க. கீழ கொண்டுவரச் சொல்லுங்க."

காற்றில் நாடா படபடத்தது. சைகைக்காரர் இனி யாருக்கும் காத்திருக்கவில்லை. கருவியை வாங்கி உதட்டோடு ஒட்டவைத்து, வகுப்பில் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கழுகு, என் வார்த்தைய மட்டும் கேளு. கண்ணுக்கு வேலை இல்ல. கையை வலப்பக்கம் எடு. இன்னும். இன்னும். நில்லு. ஆட்டம் அடங்கட்டும்."

"அடங்கிடுச்சா?"

"இல்ல. நான் சொல்றேன்."

அவள் நாடாவுக்குப் பின்னால் நின்றாள். அண்ணாந்து பார்க்கத் தைரியமில்லை. தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே, கூட்டிப்பெருக்கிக் காலியாக விட்டிருந்த சிமென்ட் தரை மட்டும் தெரிந்தது. வெயில் நேர்மேலே வந்துகொண்டிருந்தது. "இறக்கு. மெதுவா. அப்படித்தான்" என்று அவர் சொல்லச் சொல்ல, தரையில் எங்கோ ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மங்கலாவதைக் கண்டாள். ஓரமோ மூலையோ இல்லாத, யாரோ தண்ணீர் தெளித்துக் காய்ந்ததுபோன்ற ஒரு கறை. அது ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. "இறக்கு. இன்னும் இருக்கு, இறக்கு." கறை கருத்தது. ஒரு பக்கம் நேராயிற்று. அவள் அதையே பார்த்திருக்க, பெட்டி நிழலின் நான்கு மூலைகளும் ஒவ்வொன்றாகத் தரையில் கூர்மையாகத் தொடங்கின.