வாசலில் ஜாஸ்லின்

ஓசூரில் அருள்மேரி வீட்டு வாசல் பெல்லை யார் அழுத்தினாலும் அயர்லாந்தில் ஜாஸ்லினின் போனும் சேர்ந்து அடிக்கும். நர்ஸ் வேலைக்குப் போய் நாலு வருடமான மகள், அம்மா தனியாக இருக்கிறாளே என்று வாங்கி அனுப்பிய கேமரா பெல் அது. முட்டிவலியோடு அம்மா எழுந்து வருவதற்குள், "யாருங்க? இருங்க, அம்மா வர்றாங்க" என்று மகளின் குரல் வாசலில் பேசிவிடும். தண்ணி கேன் போடும் வெங்கடப்பனிடம் ஊர்க்கதையே கேட்கும். "சானமாவு காட்டுல யானை எறங்கிடுச்சாமே, நெஜமாண்ணா?"

அந்தக் குரலுக்காகவே அருள்மேரி மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் மகள் அவளுக்குத் தனியாகப் போன் செய்வாள். பத்து நிமிடம், மாத்திரை போட்டாயா என்ற விசாரணை. வாசலில் பேசும் ஜாஸ்லின் வேறு ஆள், வாயாடி. கதவுக்குப் பின்னால் நின்று அதை ஒட்டுக்கேட்பதில் ஒரு சுகம். வெட்கங்கெட்ட சுகம்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே.

கால்வாய் தோண்ட வந்தவர்கள் தெருவின் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்து வெட்டியதில் வந்தது வினை. கடல் தாண்டி எங்கோ இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் அந்த பெல் வாய் திறக்கும். மூன்று நாள் ஊமையாகக் கிடந்தது. அதே மூன்று நாளும் அருள்மேரிக்குக் கடும் காய்ச்சல். போன் சார்ஜ் தீர்ந்து கட்டிலடியில் கிடந்தது. வந்தவர்கள் பெல்லை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில், வெளியூர் போய்த் திரும்பிய எதிர்வீட்டு ரூபிதான் பின்கதவை இடித்து உள்ளே வந்தாள். அதுவரை ஜாஸ்லின் ரூபிக்குப் போன் மேல் போன் போட்டு அழுதிருக்கிறாள்.

"நெட்டே தேவைப்படாத பெல்லா பாத்து மாட்டும்மா" என்று மகளிடமிருந்து உத்தரவு வந்தது.

கேமரா கடையிலிருந்து ஆஸ்டின் வந்தான். வாசலில் கேமரா, ஹாலில் சின்ன டிவி, அதோடு பேச ஒரு ரிசீவர், நடுவில் ஒயர். பதிவெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டில். கரண்ட் போனால் பேட்டரி.

"இதுல எம் பொண்ணு பேச முடியுமா தம்பி?"

"வீட்ல இருக்கறவங்கதாம்மா பேச முடியும். நெட்டு வேணாம்னுதானே இது."

பழையதே இருக்கட்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் அழுததை நினைத்து அடக்கிக்கொண்டாள். "மாட்டிடுப்பா" என்றாள்.

மறுநாள் பெல் கணீரென்று அடித்தது. சின்ன டிவியில் கேனோடு வெங்கடப்பன். ரிசீவரை எடுத்து, தெரிந்தும், "யாரு?" என்றாள்.

அவன் கேமராவுக்கு நேராகக் குனிந்தான். "நீங்களாம்மா? பாப்பா எங்க? ஊருக்குப் போய்டுச்சா? உள்ள உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பாக்குதுன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

இத்தனை மாதமும் மகள் இந்த வீட்டுக்குள் இருந்ததாகவே அவன் நினைத்திருக்கிறான். அருள்மேரி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். மனசு வரவில்லை.

"ஆமாப்பா. நேத்துதான் கெளம்புச்சு."

நாலு வருடத்துக்கு முன் பெங்களூர் ஏர்போர்ட்டில் பெட்டியின் எடை, பாஸ்போர்ட் என்று அலைந்ததில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. இப்போது ரிசீவரைப் பிடித்தபடி அழுதாள்.

"அழாதீங்கம்மா" என்றான் வெங்கடப்பன், வாசலில் நின்றபடி. "லீவு கெடச்சா வந்துடும்."