கூப்பிடாமல் வருகிறவர்கள்

1

இந்தக் கதை ஒரு மெதுவான கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. பெரிய இடத்தில் இருந்து வந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய்யாகிவிடும்.

நான் சங்கரலிங்கம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறேன். அண்டா, உருளி, ஆள் உயரக் கரண்டி எல்லாம் உண்டு. மாடியில் தனியாக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத வருமா என்று கேட்காதீர்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியாக வேறொன்று வைத்திருந்தேன். "அன்று கடலில் இருந்து வீசிய காற்று" என்று தொடங்கி, விட்டுவிட்டேன். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

எந்த அண்டா எந்தத் தேதிக்கு யாருக்கு என்று பதிந்துவைக்க அந்தக் கம்ப்யூட்டர். மகள் மகா வாங்கிக் கொடுத்தது. சாயா குடிக்கப் போனாலும் அதை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவேன். ஆளில்லாத இடத்தில் ஒரு மெஷின் விழித்திருப்பது எனக்குச் சரிப்படாது. திரும்பி வந்து போட்டால், அது எழுந்து வருவதற்குள் இன்னொரு சாயா குடிக்கலாம். (இது மிகை. அரை சாயா நிச்சயம்.)

பக்கத்துக் கடை ஷபானாவைக் கூப்பிட்டேன். போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் செய்கிறவள். தேனிக்காரி.* திரையின் கீழே உள்ள பட்டையில் எதையோ அமுக்கி, புரோகிராம்களின் பட்டியல் ஒன்றைத் திறந்தாள்.

"மாமா, மெஷின் ஓண் ஆகும்போது இவ்ளோ பேரும் தன்னால எழும்பி வராங்க. அதான் லேட்டு."

"நான் கூப்பிட்டேனா?"

"நீங்க கூப்பிடவே வேண்டா. உள்ள ஏறும்போதே அவங்களா பேரைச் சேத்துக்குவாங்க."

"அழைக்காத ஆளு முதல் பந்தியில உக்காந்த மாதிரி."

"அதே. இங்க அமுக்கி ஓஃப் ஆக்கிட்டா புரோகிராம் அழியாது. தானா வராது, அவ்ளோதான். வேணும்னா நீங்க கூப்பிட்டா வரும். வைரஸ் பாக்குறதைத் தொடாதீங்க. பேரு தெரியாததை என்கிட்ட கேட்டுட்டு ஓஃப் பண்ணுங்க."

அவள் கடைக்கு ஆள் வந்தது, போய்விட்டாள். பாட்டு, பிரிண்டர், எதையோ புதுப்பிக்கிறேன் என்று நிற்கிற ஒன்று, எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒன்றின் பெயரை எழுத்துக்கூட்டியும் வாசிக்க முடியவில்லை. பெயர் தெரியாதவனுக்கு என் கடையில் என்ன வேலை? அவனையும் நிறுத்தினேன்.

மறுநாள் காலை மெஷின் சட்டென்று திறந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

* இந்த இடத்தை ஷபானாவிடம் வாசித்துக் காட்டினேன். "தேனி இல்ல மாமா, கம்பம்" என்றாள். இருக்கட்டும்.

3

ஒன்றைச் சொல்லாவிட்டால் அடுத்தது உங்களுக்குப் புரியாது. மதியம் முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே வந்து தாழ் போட்டுப் படுப்பேன். பூட்டைப் பார்த்தால் ஆளில்லை என்று போய்விடுவார்கள். போனையும் அணைத்தே வைத்திருப்பேன். பூட்டு தொங்கினாலும் நான் உள்ளேதான் என்பது மகாவுக்குத் தெரியும்.

மெஷின் சட்டென்று திறந்த அன்று மதியமும் அண்டாக்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். முன்கதவுப் பூட்டை யாரோ உடைக்கிற சத்தம். சோறு கிளறுகிற நீளக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஒரு அண்டாவுக்குப் பின்னால் நின்றேன். கதவு திறந்தது. வெளிச்சத்தில் உருவம் மட்டும் தெரிந்தது. ஓங்கினேன்.

[இங்கே நான் அடித்திருந்தால் நல்ல கதையாகியிருக்கும். அடிக்கவில்லை.]

"அப்பா."

மகா. பின்னால் சுத்தியலோடு ஷபானா.

மகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்ததும் திட்ட ஆரம்பித்தாள். "பின்ன ஏன் காலையில இருந்து மெஷின் ஓண் ஆகல? போனும் வழக்கம்போல ஓஃப்."

"மாமாவைக் காலையில பாத்தேன்னு சொன்னேன். அக்கா நம்பல" என்றாள் ஷபானா.

"காலையில பாத்தது மதியத்துக்கு ஆகுமா?"

"மெஷின் ஓண் ஆச்சே. வேகமாவே ஆச்சு" என்றேன். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

மகா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

4

போன வருஷம் அடைப்பு வந்து என் நெஞ்சில் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் மகா வந்து, என்னிடம் சொல்லாமல், அந்தப் பெயர் தெரியாதவனை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டால் களமசேரியில் இருக்கிற அவள் போனில் பச்சைப் புள்ளி எரியும். சாயாவுக்குப் போனால் அணையும். வந்தால் எரியும். அவனை நான் நிறுத்திவிட்டதால் அன்று எரியவே இல்லை. மற்றவர்களைப் போல நாள் முழுக்க ஓடவிட்டிருந்தால், அந்தப் புள்ளியை வைத்து அவளால் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. நம்பாமல் அணைத்து அணைத்துப் போட்டதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மகாவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் உளவுக்காரியாக எழுதினேன். அடுத்து தியாகியாக எழுதிப் பார்த்தேன், அது இன்னும் மோசம். அவள் ஒரு ஆபீஸ்காரி. புருஷனை விட்டுப் பிரிந்து தனியாக இருக்கிறாள். அன்று கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல், மேசையில் சாப்பாட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள். இதற்குமேல் நான் சேர்ப்பதெல்லாம் கதைதான்.

5

"சொல்லியிருந்தா வைக்க விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல. அதைத் திரும்ப ஓண் பண்ணுங்க. இல்லன்னா கடையை அடைச்சிட்டு என்கூட வாங்க. ரெண்டுல ஒண்ணு."

"உன் ஃபிளாட்ல நான் என்ன செய்ய? பால்கனியில காயவா?"

"உயிரோட இருங்க. போதும்."

"புள்ளி மட்டும்தான் தெரியும் மாமா, வேற ஒண்ணும் தெரியாது" என்றாள் ஷபானா. அவள் சொல்கிறாள். இருந்தாலும் நான் இதைப் பேனாவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

முடிவு ஒன்று: நான் ஓண் பண்ணினேன், மகள் சிரித்தாள். (என் மகள் அவ்வளவு சீக்கிரம் சிரிக்கிறவள் இல்லை.)

முடிவு இரண்டு: அண்டாக்களை விற்றுவிட்டு நான் களமசேரிக்கு... இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நடந்தது இது. "சரி, ஓண் பண்றேன்" என்றேன். "உன் கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரி ஒண்ணு வை. நீ எந்திரிச்சியா, வேலைக்குப் போனியான்னு எனக்கும் புள்ளி எரியணும்."

"எனக்கு எதுக்குப்பா?"

"நீயும் அங்க ஒத்தையிலதான இருக்க."

ஷபானா சுத்தியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகா கழுத்து அட்டையைக் கழற்றினாள், திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

புதுப் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

7

மகா இன்னும் சொல்லவில்லை. காலையில் மட்டும் போனைத் திறந்து வைக்கிறேன். கூப்பிடுகிறாள். சாப்பிட்டீங்களா என்கிறாள், நீ சாப்பிட்டியா என்கிறேன். அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. அவள் சொல்கிறவரை, பட்டியலில் பெயர் தெரியாதவன் நிறுத்தியபடியே கிடக்கிறான்.

முடிவு அவள் கையில் இருப்பதால் என்னால் எழுத முடியாது. வாசிக்கிற நீங்களும் யாருக்கோ மகனோ மகளோதான். அவள் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று உங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். சம்மதம் என்று எழுதியிருந்தால் நான் நம்பப்போவதில்லை.