நாலாவது ஆள்

விஜிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்கு அது தெரிய நியாயமில்லை.

"டிசம்பர் ஆறு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"அம்பேத்கர் இறந்த நாள் சார். அதுக்குத்தான் பர்மிஷன் கேட்டு வந்துகீறோம்."

"அது இல்லம்மா. இன்னொண்ணு."

அந்த இன்னொன்றும் விஜிக்குத் தெரியும். ஐம்பத்தாறில் அம்பேத்கர் கண்மூடிய அதே தேதியில்தான் தொண்ணூற்றிரண்டில் பாபர் மசூதியை இடித்தார்கள். அதிலிருந்து டிசம்பர் ஆறு வந்தால் ரயிலடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், நெடுஞ்சாலையில் தடுப்பு வைப்பார்கள். இருந்தும் நசரத்பேட்டை காலனிக்காரர்கள் வருஷா வருஷம் நீலக்கொடி பிடித்து, பறையடித்து, ரோட்டு முனைச் சிலைக்கு ஊர்வலமாகப் போய் மாலை போட்டுத்தான் வந்தார்கள்.

"ரெண்டும் ஒரே நாள்ல வந்தா நான் என்ன பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர், என்னவோ தேதி குறித்ததே விஜி என்பது போல. "ஊர்வலம் கிடையாது. அஞ்சு பேர் ஒண்ணா நடந்தா கேஸ். நாலு பேர் போங்க, மாலையைப் போடுங்க, திரும்பிடுங்க."

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கூட வந்திருந்த கலியமூர்த்தி சித்தப்பா பெருமூச்சு விட்டார். போன வருஷம் வரை ஊர்வலம் நடத்தும் காலனி மன்றத்துக்கு அவர்தான் தலைவர். இந்த வருஷம்தான் பொறுப்பு விஜி கைக்கு வந்திருந்தது.

"உடு விஜி. இந்த ஒரு வருஷம் நாலு பேர் போய்ட்டு வந்துடலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் போய் நின்னா இன்னா சொல்வாங்க? போன வருஷம் ஊர்வலம் நடக்கலியே, இப்ப இன்னா புதுசான்னு கேப்பாங்க. வழக்கம் இல்லன்னு சொல்லிட்டா முடிஞ்சுது சித்தப்பா. நம்ம புள்ளைங்க அந்த ரோட்டுல கொடி புடிக்கவே முடியாது."

வழக்கம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை தெருக்களை அடைத்திருக்கிறார்கள் என்பது சித்தப்பா அறியாததா?

"நாலு பேர் போலாம்னு அவரே சொன்னாரு," என்றாள் விஜி, குரல் இன்னும் இறங்கி. "எத்தினி தபான்னு சொல்லலியே."

ஆறாம் தேதி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, காலனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாலு பேர் போனார்கள், மாலை போட்டார்கள், திரும்பினார்கள். அடுத்த நாலு பேர் கிளம்பினார்கள். அவள் வேலை செய்யும் கார் கம்பெனி லைனில் ஒரு பீஸ் நகர்ந்தால் அடுத்தது வந்து நிற்குமே, அந்த மாதிரி. பறை இல்லை, கோஷம் இல்லை.

சிலைக்குக் கம்பிக் கூண்டு. யாரும் சேதப்படுத்திவிடக் கூடாதென்று போட்டது. தப்பு செய்கிறவன் வெளியே திரிகிறான், அம்பேத்கர்தான் உள்ளே நிற்கிறார். அன்றைக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவார்கள். கூண்டருகே நின்ற இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. நேரே காலனிக்கு வந்தார்.

"என்னம்மா, விளையாடறியா?"

"நாலு பேர்தான் சார் போறாங்க. எண்ணிப் பாருங்க."

எண்ணினார். யாருக்கோ போன் போட்டார். பதில் சாதகமாக இல்லை போலிருக்கிறது, சிலையடிக்கே திரும்பிப் போய் வெயிலில் நின்றார்.

மத்தியானம் ஒரு கண்டம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் ஐந்து பேர் பேசிக்கொண்டே சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். ஒரு ஆள் கூடினால் அத்தனையும் பாழ். விஜி ஓடிப்போய் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து அடுத்த நாலில் நிறுத்தினாள்.

பொழுது சாயும்போது விஜி, அவள் அம்மா பஞ்சவர்ணம், சித்தப்பா, இவர்கள் மட்டும்தான் பாக்கி. மூவரும் அம்மாவின் முழங்கால் வலிக்குத் தகுந்தபடி மெல்ல நடந்தார்கள்.

வழியில் மதார் பாயின் பஞ்சர் கடை. டிசம்பர் ஆறு என்றால் அவர் ஷட்டரைத் திறக்க மாட்டார். வாசலில் பழைய டயர் மேல் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஊர்வலம் அந்தக் கடை கிட்டே வந்ததும் பறை நின்றுவிடும், தாண்டியதும் தொடங்கும். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

பாய் எழுந்தார். "காலைலேர்ந்து பாத்துகினு கீறேன். நாலு பேர் போலாம்னுதானே சொன்னாங்க? மூணு பேர்தான் போறீங்க?"

"வாங்க பாய்," என்றாள் விஜி.

சிலையடியில் இன்ஸ்பெக்டர் பாயின் தொப்பியைப் பார்த்தார். "இவரு எதுக்கு இங்க?"

"இன்னொண்ணுன்னு சொன்னீங்களே சார், அதுவும் இன்னைக்குத்தான்." விஜியின் குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. "இவரு நாலாவது ஆளு. எண்ணிக்கோங்க."

அவர் எண்ணவில்லை. வழியை விட்டு விலகி நின்றார். அம்மா தன் கையிலிருந்த சாமந்தி மாலையின் ஒரு முனையைப் பாயிடம் கொடுத்தாள். இருவருமாக அதைச் சிலைக்குப் போட்டார்கள்.

திரும்பும்போது இன்ஸ்பெக்டர் ஷூவைத் தளர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷம் எல்லாரும் ஒரே தடவையா வந்துட்டுப் போயிடுங்கம்மா. என்னால முடியல."

"வரோம் சார்," என்றாள் விஜி. "வழக்கம் போல."